புருஷனை ஏலத்தில் எடுத்த கதை

"என் கோழி!" என்று நான் கத்தியது கோயில் முழுக்கக் கேட்டது.

சித்தூர் மிஷன் கோயிலில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பீடத்தின் படிகளில் பூசணிக்காய், கரும்புக் கட்டு, கேழ்வரகு, வெல்லம், கால் கட்டிய கோழிகள். புது வெல்லத்தின் வாசனையோடு கோழி வாசனையும் கலந்து வந்தது. இன்றைக்கும் எந்தக் கோயிலுக்குள் போனாலும் என் மூக்கு அதைத்தான் தேடுகிறது.

ஏலம் விட்டவர் கோயில் மணியடிக்கும் ஆரோன். சித்தூர் பஜாரில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கும். அதனால் ஆரோனின் ஏலமும் தெலுங்கில்தான் முடியும். ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி, மூடோ சாரி. மூன்றாவது தடவை சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் கலெக்டரே வந்து கேட்டாலும் கிடைக்காது.

அந்தச் சமயத்தில் அவர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது ஒரு பேனா. கறுப்பு உடம்பு, பித்தளை மூடி. என் வீட்டுக்காரருடைய பேனா. ஆனால் ஏலத்துக்கு வந்தது பேனா இல்லை, என் வீட்டுக்காரரேதான்.

பெண்கள் பக்கத்துப் பாயில் என்னோடு உட்கார்ந்திருந்த என் மாமியார், முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாமே ரூத்து பண்ற? குந்து!"

நான் குந்தவில்லை. ஏன் என்று சொல்ல, திருப்பதி ரெயில் நிலையத்துக்குப் போய்விட்டு வர வேண்டும்.

பெட்டிமேல் உட்கார்ந்து வளர்ந்தவள்

திருப்பதி என்றால் உங்களுக்கு மலையும் கோவிந்தா கோஷமும் ஞாபகம் வரும். எனக்கு நிலக்கரிப் புகைதான் ஞாபகம் வரும். என் நைனா அங்கே பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிட்டு, கொடி காட்டுகிற உத்தியோகம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். ரெயில்வே கொடுத்த ஒற்றை அறை வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான்.

ரெயில்வே வீட்டில் ஒரு சுகம் உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் ரெயில்வேயே மேஸ்திரியையும் ஆட்களையும் அனுப்பி வரிசையாக எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்துவிடும். எங்களுக்காகச் செய்வதல்ல, மார்கழியில் யாத்திரிகர் கூட்டம் வருவதற்கு முன்னால் ஸ்டேஷனைச் சுற்றி எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் நான் அது இயேசு சாமி பிறப்புக்காகத்தான் நடக்கிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

நாங்கள் செய்ய வேண்டியது, வீட்டில் இருந்த ஒரே தகரப் பெட்டியைத் தூக்கி வேப்ப மரத்தடியில் வைப்பது. பாய், பாத்திரம் எல்லாம் அதன் பக்கத்தில். நைனா அன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொள்வார். திருச்சானூர்க் கடையில் வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலம் ஒன்று மடியில் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பெட்டிமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, உருண்டையைக் கடித்துக்கொண்டு, யாரோ எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பார்ப்போம். நைனா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அவர் கண் தண்டவாளத்தில் இருக்கும்.

எனக்குக் கிறிஸ்துமஸ் அந்தப் பெட்டிமேல்தான் ஆரம்பமாகும். பாட்டு, பலகாரம், புதுப் பாவாடை எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆக, வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் உட்கார்ந்து உருண்டை தின்பது என்று நினைத்திருந்த பெண்ணைத்தான் என் மாமியார் மருமகளாகக் கொண்டுவந்தார். அவருக்காகவும் கொஞ்சம் பரிதாபப்படுங்கள்.

உள்ளங்கைச் சோதனை

கல்யாணத்தைப் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள் வெள்ளையடித்துப் பார் என்று சேர்க்காமல் விட்டது ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னவர்கள் ஆண்கள்.

நாங்கள் குடியிருந்த மிஷன் லைன் வரிசை வீடுகளில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாளே ஆரம்பமாகிவிடும். சுண்ணாம்புக் கல்லை மிடாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பில்லாமலே குபுகுபுவென்று கொதிக்கும். ஆறிய பிறகு கோணியில் வடிகட்டி, கஞ்சித் தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போட வேண்டும். ஈச்ச மட்டையின் நுனியை நசுக்கினால் பூசுகிற மட்டை தயார். அதற்கு முன்னால் பரணில் உள்ளதெல்லாம் கீழே வர வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், கூரை ஓடுகளைப் பிரித்துத் தேள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போகும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் கை எரிவதில் தூக்கம் வராது.

இத்தனையும் செய்வது பெண்கள். சுண்ணாம்பு கொதிக்கிற சத்தம் கேட்டதும் லைனில் உள்ள ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முக்கிய வேலை வந்துவிடும். என் வீட்டுக்காரர் சகாயம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. நல்ல மனுஷர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் டிசம்பர் மாதத்தில் சாப்பாட்டு வேளை தவிர அவரை நான் பார்த்ததே இல்லை. அந்த மனுஷர் பாடிப் பயின்றதெல்லாம் கீழ்ஸ்தாயி. அதையும் சுதி விலகித்தான் பாடுவார்.

மாமியார் சாராள் அம்மாள் கறாரானவர். சின்ன வயதில் புருஷனை இழந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்து மகனைப் படிக்கவைத்தவர். சுத்தம் அவருக்கு ஜெபத்துக்கு அடுத்தபடி. சுவர் காய்ந்ததும் வந்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். கையைத் திருப்பிப் பார்ப்பார். வெள்ளை ஒட்டியிருக்கும்.

"கையில ஒட்டுது பார். இன்னொரு பூச்சு."

"எந்தச் சுண்ணாம்பும் கையில ஒட்டத்தான் அத்தே ஒட்டும்."

"வாய் பேசத் தெரியுது. பூசத் தெரியல."

இன்னொரு பூச்சு. மறுபடி உள்ளங்கை. இன்னொரு பூச்சு.

எனக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். மட்டையைக் கையில் எடுக்கும்போதே தலைவலி வரும். மிடாவைப் பார்த்தால் காய்ச்சல் அடிக்கும். இதெல்லாம் நடிப்பு என்று மாமியார் சொல்வார். பாதி நடிப்பு என்பது உண்மை.

தலை கிறிஸ்துமஸ்

வெறும் சோம்பல் என்றால் இதை ஒரு வாரப் பத்திரிகையில் எழுத மாட்டேன்.

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். தலை கிறிஸ்துமஸ். நைனா மாப்பிள்ளைக்கு வேட்டியும் எனக்குப் புடவையும் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார். மாமியார் போகாதே என்று சொல்லவில்லை. "வீட்டு வேலை முடியட்டும், அப்பால போங்க" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. வேலைதான் முடியவில்லை. உள்ளங்கையில் வெள்ளை ஒட்டிக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது நான் கூடத்துச் சுவரில் மூன்றாவது பூச்சுப் பூசிக்கொண்டிருந்தேன். திருப்பதி வண்டி ஊதிவிட்டுப் போனது மிஷன் லைன்வரை கேட்டது.

பண்டிகை கழிந்து, ரெயில் கார்டு ஒருவர் கையில் வேட்டியும் புடவையும் வந்தன. கூடவே ஒரு கூடையில் செவலைப் பெட்டைக் கோழி. "உங்க நைனா ரெண்டு வண்டிக்கும் வந்து வந்து பாத்துகினு இருந்தாரும்மா" என்றார் கார்டு. நைனாவுக்கு மார்கழியில் லீவு கிடையாது, அவர் சித்தூருக்கு வர முடியாது. அதனால்தான் கோழி வந்தது.

அடுத்த வருஷம் மழை பெய்து பூசியதெல்லாம் உப்பிக் கழன்றது. அதற்கு அடுத்த வருஷம் பரணிலிருந்து நான் விழுந்து கால் சுளுக்கிக்கொண்டேன். மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. நைனா அந்த ஸ்டேஷனில் தனியாக. ஒவ்வொரு வருஷமும் கார்டு அதே கேள்வியைக் கொண்டுவருவார்: "இந்த வருசமாச்சும் வர்றியான்னு கேக்கச் சொன்னாரு."

நாலாவது வருஷம் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இந்த வருஷம் போயே தீருவது. எப்படி என்றுதான் தெரியவில்லை. வழி அறுப்பின் பண்டிகையில் கிடைத்தது.

மண்வெட்டியும் பேனாவும்

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை.

புத்தலப்பட்டுப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் வரும் குடும்பங்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. அறுப்பின் பண்டிகைக்கு அறுத்துக் கொண்டுவர அவர்களுக்கு என்ன இருக்கிறது? அதனால் ஒரு நாள் உழைப்பைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அரிவாளோ மண்வெட்டியோ பீடத்தின் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஏலத்தில் அந்தக் கருவியை எடுத்தவருக்கு அதன் சொந்தக்காரர் ஒரு பகல் வேலை செய்வார். என்ன வேலை என்பது எடுத்தவர் இஷ்டம். வேலை முடிந்தபிறகுதான் கருவி திரும்பக் கிடைக்கும்.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த ஐயர், அதாவது எங்கள் குருவானவர், பிரசங்கத்தில் ஒரு கேள்வி கேட்டார். நிலமில்லாதவன் தன் கையைக் கொடுக்கிறான், சம்பளம் வாங்குகிறவர்களே, உங்கள் கை எங்கே?

என் வீட்டுக்காரர் பிரசங்கம் கேட்டால் உருகிவிடுகிற ஜாதி. கண்ணில் நீர் தளும்ப எழுந்துபோய், சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். படித்தவர் ஒருவர் அந்தப் படியில் கருவி வைத்தது அதுதான் முதல் தடவை. சபையே நெகிழ்ந்துபோயிற்று. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் நெகிழ்ந்தேன். அப்புறம் யோசித்தேன். என்ன வேலை என்பது எடுத்தவர் இஷ்டம்!

மூடோ சாரி

"சகாயம் வாத்தியார் பேனா! ஒரு நாள் வேலை! உங்க புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கலாம், மனு எழுதிக்கலாம். யாருக்கு வேணும்?" என்று ஆரோன் கூவினார்.

மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் மகனின் இங்கிலீஷுக்காக அரை ரூபாய் என்றார். அப்போதுதான் நான் எழுந்து நின்று என் கோழியைச் சொன்னேன்.

ஆரோன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரது? வாத்தியாரம்மாவா?" பிறகு ஐயரிடம் திரும்பினார். "ஐயரே, சொந்தப் பொண்டாட்டி கேக்கலாமா?"

ஐயர் தாடையைத் தடவிக்கொண்டார். "கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லையே."

"இன்னா வேலைக்கும்மா?"

"வெள்ளையடிக்கறதுக்கு!"

ஒரு நிமிஷம் கோயிலில் கோழிகள் மட்டும்தான் பேசின. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், குழந்தைகளெல்லாம் பயந்து அழுதன. என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உருகின முகம் இறுகிப்போயிருந்தது.

"ஒரு ரூபா!" என்று ஒரு குரல். மாமியார்!

மகனைக் காப்பாற்ற எழுந்துவிட்டார். மருமகளும் மாமியாரும் ஒரே ஆளுக்கு ஏலம் கேட்கிற காட்சியை அந்தக் கோயில் அதற்கு முன் கண்டதில்லை.

"கோழி, அது இன்னிக்கு வரைக்கும் இட்டிருக்கிற முட்டை அத்தனையும்!" என்றேன்.

"ஒண்ணரை ரூபா!"

அதற்கு மேல் ஏற்றிக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. சம்பளம் மாமியார் கையில், சாவிக்கொத்து மாமியார் இடுப்பில். எனக்கென்று இருந்தது அந்தச் செவலைக் கோழிதான். நைனா ஸ்டேஷனில் கொடியோடு நிற்பது கண்ணுக்குள் வந்தது. அவ்வளவுதானா, இந்த வருஷமும் அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. புத்தலப்பட்டு மார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், தான் காணிக்கையாகக் கொண்டுவந்த பெரிய பூசணிக்காயைத் தானே ஏலத்தில் எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"வாத்தியாரம்மா பக்கம் எம் பூசணிக்காயும் சேத்துக்கோ ஆரோனு!"

"என் வெல்லமும்!" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு படி கேவுரு!"

"எங்க வூட்டுச் சேவலு! எங்க வூட்டுக்காரு கேட்டா பூனை துன்னுட்டுதுன்னு சொல்லிக்கறேன்!" அந்த வீட்டுக்காரர் எதிரேயே உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அத்தனை பேர் விரல் இடுக்கும் டிசம்பரில் வெடிக்கிற விரல் இடுக்குத்தானே!

"ஒகட்டோ சாரி..." என்றார் ஆரோன். "ரெண்டோ சாரி..."

அங்கே நிறுத்தி, மாமியாரைப் பார்த்தார். எல்லாரும் மாமியாரைப் பார்த்தோம். இடுப்பில் பணப்பை இருந்தது. இன்னும் ஒரு ரூபாய் கேட்க அவரால் முடியும். அவர் தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சலவைச் சோடாவும் வருஷா வருஷம் சுண்ணாம்பும் தின்ற கைகள்.

"இன்னாடா என் மூஞ்சியப் பாத்துகினு நிக்கற?" என்று ஆரோனை ஒரு அதட்டுப் போட்டார். "மூணாவதச் சொல்லுடா!"

கொண்டையில் பேனா

வேலை முடியும்வரை கருவி எடுத்தவரிடம்தான் இருக்க வேண்டும். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டேன். சித்தூர் பஜார் வழியாக வீடுவரை அப்படியே நடந்தேன். அந்த நடை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

பின்னால் வந்துகொண்டிருந்த மாமியார் பாதி வழியில் சொன்னார்: "முப்பது வருசமா பூசிகினு கீறேன். எனக்கு இது தோணவே இல்லயே."

"கோவமா அத்தே?"

"கோவம் இல்லாத இருக்குமா? நட."

அந்த வாரம் பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸ் லீவு விட்டதும், வெள்ளிக்கிழமை விடியும்போதே சுண்ணாம்பு கொதித்தது. அந்தச் சத்தத்தில் ஓடிப்போக முடியாமல் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஏணி ஆடுகிறது என்றார், மட்டை கனக்கிறது என்றார், சுவரே நேராக இல்லை என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று மாமியார் மிடாவைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்.

வேடிக்கை பார்க்க லைனே வந்தது. கூட வேலை பார்க்கும் வாத்தியார்கள் சலவைச் சட்டையோடு வந்து, வேலி ஓரம் நின்று கைகொட்டிச் சிரித்தார்கள். மாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மட்டைகளை எடுத்துக்கொண்டு நேராக அவர்களிடம் போனார்.

"சும்மா நிக்கறவன் கையில மட்டையக் குடு ரூத்து. டேய், சட்டையக் கழட்டுங்கடா. நீங்க பொறந்தப்ப ஆஸ்பத்திரியில உங்க எல்லாருக்கும் துணி வெளுத்துப் போட்டவ நான்."

அவர் சொன்னால் யார் தட்டுவது? பத்து மணிக்குள் சட்டைகள் வேலியில் தொங்கின. பாட்டுப் பயிற்சியும் சுவரோரமாகவே நடந்தது. கீழ்ஸ்தாயி அன்றைக்குத்தான் சுதியில் சேர்ந்தது.

நான் என் தகரப் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். அதன்மேல் உட்காரத்தான் ஆசை. உட்காராமல், திறந்து துணி அடுக்க ஆரம்பித்தேன்.

பொழுது சாய்ந்தது. மாமியார் கூடத்துக்குள் வந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்தார். திருப்பிப் பார்த்தார். வெள்ளை!

"எந்தச் சுண்ணாம்பும் கையில ஒட்டத்தாம்மா ஒட்டும்!" என்று என் வீட்டுக்காரர் ஏணிமேலிருந்து கத்தினார். மூன்று வருஷம் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வந்த கோபத்தில் ஏணியை உதைத்திருப்பேன்.

மாமியார் கையை மகன் வேட்டியிலேயே துடைத்தார். "தெரியும்டா. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏம்மா தேய்ச்சிப் பாக்கற?"

"எங்க மாமியாரு தேய்ச்சிப் பாத்தாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, பெட்டியைப் பார்த்தார். "காலையில வண்டி எத்தினி மணிக்குமே? இவனையும் இஸ்துகினு போ. தலை கிறிஸ்மஸே இன்னும் போவல நீங்க."

அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன? பேனாவைக் கொண்டையிலிருந்து எடுத்து அவர் மகனிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் விரலெல்லாம் வெடித்திருந்தது. அன்றைக்கு ராத்திரி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை முதல்முதலாக அவர் கேட்டு வாங்கினார்.

பச்சைக் கொடி

புத்தலப்பட்டில் வண்டி நின்றபோது, நாங்கள் வருவதை முந்தின நாளே கார்டு சொல்லித் தெரிந்துகொண்ட மார்த்தாள் பூசணிக்கீற்றோடு வந்து ஜன்னலில் கை நீட்டினாள். ஏலத்துக்குக் கொடுத்தது போக அவள் வீட்டுக் கூரையில் இன்னும் காய்த்திருந்ததாம். பாகாலா, சந்திரகிரி எல்லாம் தாண்டி மலை தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

திருப்பதியில் இறங்கினோம். நைனா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொடியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். ஆனாலும் வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டி தாண்டும்வரை கொடியை இறக்கவில்லை. இறக்கிய பிறகு, சுருட்டக்கூட மறந்து, அப்படியே இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வந்துட்டியா?" என்றார். "வந்துட்டியா? வந்துட்டியா?"

வீட்டுக்குப் போனால் தகரப் பெட்டி வேப்ப மரத்தடியில் இருந்தது. வாசலில் ரெயில்வே மேஸ்திரியும் ஆட்களும் ஏணி சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"கார்டாண்ட நேத்து சாயங்காலம் சொல்லி அனுப்பிச்சீங்களே. நம்ம வூட்ட மட்டும் இன்னிக்கி வெச்சிக்கன்னு மேஸ்திரியக் கேட்டுகினேன்" என்றார் நைனா. "உங்க வண்டியோட முடியற மாதிரி டூட்டியும் மாத்திகினேன். வா, குந்து."

மடியிலிருந்து பொரி உருண்டைப் பொட்டலத்தை எடுத்தார். உட்கார்ந்தேன். காலை ஆட்டினேன். முன்பெல்லாம் தரைக்கு எட்டாத கால் இப்போது எட்டியது.

"நான் வராத வருசமெல்லாம் இன்னா நைனா பண்ண?"

"இன்னா பண்றது? பெட்டியத் தூக்கி வெச்சிகினு குந்தினேன். உருண்டை வாங்கினேன்."

"ஒருத்தருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான். பழக்கம்."

பொட்டலத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். நைனா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

அதற்குள் வாசலில் ஏதோ வாக்குவாதம். என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் மூலையைக் காட்டி, நீலம் போதாது, கஞ்சி சேர்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் வந்த ஞானம்! கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஓர் ஆள் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

நைனா பதறிப்போனார். "இன்னாமே இது, மாப்ள போயி வெள்ளையடிக்கறாரு!"

"ஏலத்துல எடுத்தேன் நைனா."

"எவ்ளோவுக்கு?"

"நீ அனுப்புன கோழிக்கு."

முழுக் கதையையும் சொன்னேன். நைனா உருண்டையை மென்றுகொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் ஏணிமேல் இருந்தவரை நெடுநேரம் பார்த்தார்.

"அது அடைக்கே படுக்காத கோழியாச்சே" என்றார் மெதுவாக. "அதுக்கு இவரு வந்தது லாபம்தான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. அம்மா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் சுவர் முடிந்தது. என் வீட்டுக்காரர் முகமெல்லாம் வெள்ளைத் திட்டோடு, பரிசு வாங்கப்போகிற பையனைப்போல வாசலில் வந்து நின்றார்.

"மாமா, வந்து சுவத்தத் தொட்டுப் பாக்கறீங்களா?"

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்காக எழுந்திருக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அதெல்லாம் வேணாம் நைனா. குந்து."

பொட்டலத்தில் இன்னும் உருண்டை இருந்தது.